ஒரே சுவர், இரண்டு தொட்டிகள்

பினாங்கில், பாயான் பாருவில், கடல் மீனும் பவளமும் வளர்க்கிற கண்ணாடித் தொட்டியை, அதாவது கடல் தொட்டியை, வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். போன மாதம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு தம்பி தன் கைத்தொலைபேசியைக் காட்டினார். அவர் வீட்டுத் தொட்டியில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று அதில் ஓடிக்கொண்டே இருந்தது. சத்து குறைந்தால் மிஷின் ஒன்று தானாகவே சொட்டுச் சொட்டாக ஊற்றுமாம். எதை ஊற்றும் என்று கேட்டேன். வெளிநாட்டு டப்பா ஒன்றை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்துப் பார்த்தேன். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு, காய்ந்த பொடியாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, உங்க காலத்துல இந்த மிஷின்லாம் ஏது? எப்படி அளவு பாத்து ஊத்துனீங்க?" என்று அவர் கேட்டார். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொல்லலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி தொட்டிகளோடுதான் போனது. அப்படியிருந்தும் எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு தொட்டிகள் ஏன் வாடின, ஏன் பிழைத்தன என்பது எனக்கு இன்றும் குழப்பம்தான். அந்தக் குழப்பத்தை அப்படியே எழுதுகிறேன். தெளிவு வேண்டுகிறவர்கள் அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொள்ளட்டும்.

நான் முதலில் பாயான் பாரு பக்கம் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்தேன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியளவு கம்பிகளைப் பார்க்கிற வேலை. எண்பதுகளின் நடுவில் கண் மங்கத் தொடங்கியது. இதே வேலையில் இருந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் நானும் அம்மாவும்தான், என் சம்பளம்தான் அடுப்பெரித்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஜோர்ஜ் டவுனில் கபூர் அண்ணனின் மீன் கடையில் சேர்ந்தேன். கண்ணுக்குப் பச்சை நல்லது என்பார்கள், எனக்குக் கிடைத்தது நீலம்.

கபூர் அண்ணனின் முன்னோர் தமிழ்நாட்டுக் கடலோரத்திலிருந்து வந்தவர்கள். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஈரத்திலேயே புழங்குகிற மனிதரின் சட்டையில் ஒரு சொட்டுக் கறை இருந்து நான் பார்த்ததில்லை. அப்போது பணக்கார வீடுகளில் கடல் தொட்டி வைப்பது புது மோகமாக வந்திருந்தது. மீன் மட்டும் இருந்தால் பெரிய பாடில்லை. பவளம் வைத்தால்தான் வில்லங்கம். பவளம் பார்க்கக் கல் மாதிரி, உள்ளே உயிர். மூளைப் பவளம் என்று ஒன்று உண்டு. நன்றாக இருந்தால் பச்சைச் சதை உப்பி, பன்னு மாதிரி உட்கார்ந்திருக்கும். கோபித்துக்கொண்டால் சதை சுருங்கிக்கொண்டே போய், அடியிலிருக்கும் வெள்ளை எலும்பு விளிம்பு விளிம்பாக வெளியே தெரியும். அப்புறம் அது திரும்புவது கஷ்டம்.

கடல் தண்ணீருக்குத் தெலுக் பஹாங் தாண்டிப் படகில் போவோம். மழை பெய்து ஆறு கலங்கியிருந்தால் கபூர் அண்ணன் போகவே மாட்டார். ஏற்றம் முடிந்து வற்றத் தொடங்குவதற்கு முன் கடல் சற்றே நிற்கும். அந்த நேரத்தில்தான் தண்ணீர் அள்ள வேண்டும். அள்ளியதைக் கடையின் பின்கட்டில் நீலப் பீப்பாய்களில் ஊற்றி, படுதா போட்டு இருட்டில் வைப்போம். அழுக்கெல்லாம் அடியில் படிந்ததும் மேல் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்போம். யாராவது பீப்பாயில் இடித்துவிட்டால் அண்ணன் அந்தப் பீப்பாயை மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வைத்துவிடுவார்.

ஒரு வீட்டுத் தொட்டியில் கோளாறு என்றால் அவர் போகிற விதமே தனி. முதல் தடவை போகும்போது தண்ணீரில் கை வைக்கக் கூடாது. ஒரு முக்காலியைப் போட்டு, வீட்டுக்காரர் கொடுக்கிற தேநீரைக் குடித்து முடிக்கிற வரை தொட்டியைச் சும்மா பார்ப்பார். அப்புறம் சுண்டு விரலை நனைத்து நாக்கில் வைத்து, கூரையைப் பார்ப்பார். உப்பு அளக்கிற கண்ணாடிக் குழலை நான் அதற்குப் பிறகுதான் போட வேண்டும். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். அதன் பிறகு கேள்விகள் வரும். அவற்றில் ஒன்றுகூடத் தண்ணீரைப் பற்றியதாக இருக்காது. கொசுவர்த்தி எங்கே கொளுத்துகிறீர்கள், இந்தச் சுவருக்கு எப்போது சாயம் அடித்தீர்கள், கண்ணாடியை யார் துடைக்கிறார்கள் என்று கேட்பார். "தண்ணி தானா கெடாது மா. வீடுதான் அதக் கெடுக்கும். வீட்டப் பத்திக் கேளு லா" என்று என்னிடம் சொல்வார். அவரிடம் ஒரே ஒரு குறை. வீட்டு ஆண்களிடம் மட்டும்தான் பேசுவார். அடுத்தவர் வீட்டு அடுப்படிப் பக்கம் கண்ணைத் திருப்புவது மரியாதை இல்லை என்பது அவருடைய கட்டுப்பாடு.

இப்போது அந்த இரண்டு வீடுகளுக்கு வருகிறேன். கிரீன் லேன் பக்கம் ஒரே சுவரில் ஒட்டிப் பிறந்த இரட்டை வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒரு பாதியில் அண்ணன் சிவபாதம் இருந்தார், துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுபாதியில் தம்பி குணபாலன், அரசாங்க அதிகாரி. இருவருக்கும் பேச்சு இல்லை. அவர்களுடைய தாயார் தம்பி வீட்டில் காலமானார். மூத்த மகன் நான் இருக்கும்போது பாடை என் கேட் வழியாகத்தான் போக வேண்டும் என்று அண்ணன் நின்றார். கடைசிவரை வைத்துப் பார்த்த வீடு என் வீடு, என் கேட் வழியாகத்தான் போகும் என்று தம்பி நின்றார். தம்பி கேட் வழியாகப் போனது. அன்றைக்கு அண்ணன் சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்கு, "இனி உங்கட வீட்டுப் பச்சைத் தண்ணி கூட என்ட வாசலுக்குள்ள வராது" என்று தம்பி சபதம் போட்டாராம். தாயாரின் அஸ்தியைக் கரைக்க இரண்டு பேரும் ஒரே படகில், ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்து போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

சிவபாதம் எங்களிடம் ஒரு தொட்டி வாங்கி வைத்ததும் சில நாட்களிலேயே தம்பி ஃபோன் செய்தார். அதே மாதிரித் தொட்டி வேண்டும், ஓர் அங்குலம் மட்டும் நீளம் கூடுதலாக என்றார். கபூர் அண்ணன் எனக்கு நம்பிக் கொடுத்த முதல் தனி வேலை அது. இரண்டும் ஒரே பீப்பாய்த் தண்ணீர், ஒரே ஆள் கொண்டு வந்த பாறை, ஒரே மாதிரி விளக்கு. பொதுச் சுவரின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு தொட்டிகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன, வீட்டுக்காரர்கள் மாதிரியே.

சபதத்தைத் தம்பி தொட்டிக்கும் நீட்டிவிட்டார். அண்ணன் வீட்டுத் தண்ணீரில் அமிழ்த்திய வாளி இங்கே வரக் கூடாது என்று தனக்கென்று சிவப்பு வாளி வாங்கி வைத்தார். அந்த வீட்டிலிருந்து நான் வந்தால் வெளிக் குழாயில் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் கழுவுவதை வாசலில் நின்று பார்ப்பார். அறுவை சிகிச்சைக்குப் போகிற டாக்டர்கூட அவ்வளவு கழுவியிருக்க மாட்டார்.

சில மாதங்கள் போனதும் வேடிக்கை தொடங்கியது. அண்ணன் வீட்டுத் தொட்டியில் மூளைப் பவளம் உப்பி வளர்ந்தது. பாறையிலும் கண்ணாடியிலும் ரோஸ் நிறப் படலம் கட்டியது. இந்தத் தொழிலில் அந்த ரோஸ் நிறம் வந்தால் பிள்ளை பாஸ் செய்துவிட்ட மாதிரி. தம்பி வீட்டில் ரோஸ் வரவில்லை. பாறையில் மயிர் மாதிரிப் பச்சைப் பாசி முளைத்தது. மூளைப் பவளத்தின் சதை பின்வாங்கி எலும்பு தெரிய ஆரம்பித்தது. மீன்கள் மட்டும் இரண்டு வீட்டிலும் குஷியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

நான் எல்லாம் சோதித்துப் பார்த்தேன். உப்பு, சூடு, அமோனியா எல்லாம் சமம். விளக்குகளை மாற்றிப் போட்டேன், பம்பை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கபூர் அண்ணனே வந்தார். இரண்டு வீட்டிலும் முக்காலி போட்டார், இரண்டு தேநீர் குடித்தார், இரண்டு தடவை நாக்கில் வைத்தார். கூரையை வெகு நேரம் பார்த்தார். அந்த முகத்தில் குழப்பத்தை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். "ரெண்டும் ஒரே தண்ணிதான்" என்றார்.

அடுத்து, கடையில் வைத்து வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லி, இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு பவளத் துண்டை எடுத்து மாற்றி வைத்தோம். தம்பி வீட்டு நோயாளி அண்ணன் வீட்டுக்குப் போய் உப்பி எழுந்தது. அண்ணன் வீட்டுக் கொழுத்த பிள்ளை தம்பி வீட்டுக்கு வந்து இளைத்தது. எனக்குத் தலை சுற்றியது. கோளாறு பவளத்தில் இல்லை, விளக்கில் இல்லை, தண்ணீரிலும் இல்லை. அப்படியென்றால் வீட்டில் இருக்கிறது. ஆனால் வீடும் ஒரே வீடுதானே, நடுவில் ஒரு சுவர் மட்டும்தானே.

தம்பியின் மனைவி இந்திரா அக்கா ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர், எதற்கும் பயப்படுகிற சுபாவம். செய்வினையாக இருக்கும் என்று முடிவு கட்டி, தொட்டிக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். அது விளக்குச் சூட்டில் வதங்கி, ஒரு மிளகாய் தண்ணீரில் விழுந்து, ஒரு மீன் அதைக் கடித்துப் பார்த்துத் துப்பியது. நான் சிரிக்கவில்லை. தாயார் அந்த வீட்டில்தான் இறந்தார் என்பது என் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. குணபாலனுக்கோ செய்வினையில் நம்பிக்கை இல்லை. அண்ணன் எங்களுக்குக் கையூட்டுக் கொடுத்து நல்ல தண்ணீரை வாங்குகிறார் என்பது அவருடைய கட்சி. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லத் தொடங்கினார். எங்கள் வாடிக்கையில் பாதிப் பேர் அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள்தான்.

அண்ணன் வீட்டுக்கு வழக்கமாக வியாழன் பகலில்தான் போவேன். ஒரு தடவை பம்பு சத்தம் போடுகிறது என்று ஃபோன் வந்ததால் விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். சிவபாதத்தின் மனைவி ராசம்மா அக்கா குளித்து ஈரத் தலையோடு, எவர்சில்வர் செம்பைக் கையில் பிடித்துத் தொட்டிக்குள் மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீர் விளக்குச் சூட்டில் தினமும் வற்றும். வற்றினதைச் சிவப்புக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்பச் சொல்லி இரண்டு வீட்டிலும் நானேதான் சொல்லியிருந்தேன். குழாய்த் தண்ணீர்தானே அக்கா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"குழாய்த் தண்ணிதான் பிள்ளை. ஆனா இஞ்சத்தைத் தண்ணி சப்பெண்டு கிடக்கும். ஊரில எங்கட கிணத்துத் தண்ணி எப்பிடி இருக்கும் தெரியுமோ? மாமி பானையில கொஞ்சம் சுண்ணாம்பு கரைச்சுத் தெளிய வைச்சுத்தான் குடிப்பா. நானும் அப்பிடித்தான். மீனுக்கெண்டு ஒரு பானையில கொஞ்சம் கூடப் போட்டு வைக்கிறனான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுண்ணாம்பு! நாக்கை வேக வைக்கிற சாமானைப் பவளத்துக்கு ஊற்றுவதா? ஓட்டமாகப் போய்க் கடையில் சொன்னேன். கபூர் அண்ணன் கையிலிருந்த பீங்கான் கோப்பையைக் கீழே வைத்தார். சுவருக்கு அடிக்கிற சாமானை யாராவது தொட்டியில் ஊற்றுவார்களா, இத்தனை நாள் அது பிழைத்ததே ஆண்டவன் கருணை, உடனே நிறுத்தச் சொல் என்றார். சொன்னேன். ராசம்மா அக்கா மறுபேச்சில்லாமல் நிறுத்திவிட்டார்.

தொட்டி இன்னும் நன்றாக வரும் என்று காத்திருந்தோம். வந்தது வேறு. ரோஸ் படலம் வெளுத்தது. பவளத்தின் சதை விளிம்பை விட்டு இறங்கியது. அண்ணன் வீட்டுத் தொட்டியும் தம்பி வீட்டுத் தொட்டி மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது. தவறை நிறுத்தினால் நோய் வருகிறது, தவறு நடந்தால் ஆரோக்கியம் வருகிறது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கடையில் ஒரு சின்னத் தொட்டியில் ஒரு கரண்டிச் சுண்ணாம்பைக் கரைத்து நான் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கபூர் அண்ணன் மீன்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றினார். எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெளிவும் அந்த வெள்ளைத் தண்ணீரோடு போனது.

வேடிக்கை என்னவென்றால், அண்ணன் வீட்டுத் தொட்டி வாடுகிறது என்று தெரிந்ததும் குணபாலன் மகிழ்ந்தது ஒரு வாரம்தான். அடுத்த வாரம் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, வேறு எங்கோ பார்த்தபடி, அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். ஆனால் கோயிலில் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு வாடிக்கை போனது, இன்னொன்றும் போனது. ஒருநாள் கபூர் அண்ணன் என்னை உட்கார வைத்துச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, அவர் உயர்த்தியதே கிடையாது.

"குணபாலன் சார் தொட்டி தேறணும் மா. தேறலன்னா அந்த வேல பாத்த ஆள மாத்திட்டேன்னு நான் நாலு பேர்கிட்ட சொல்லணும். வேற வழி இல்ல."

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. ஃபேக்டரிக்குத் திரும்பினால் கண் போய்விடும். திரும்பாவிட்டால் அம்மாவுக்கு என்ன சொல்வேன்? கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கல்லாவது வாய் திறந்து என்ன வேண்டும் என்று சொல்லக் கூடாதா என்று பவளத்தின் மேல் கோபம் வந்தது.

இனி இழக்க ஒன்றுமில்லை என்றதும் ஒரு முரட்டுத் தைரியம் வரும். மறுநாள் விடியலில் நேரே ராசம்மா அக்காவிடம் போனேன். பழையபடி ஊற்றுங்கள், எப்படி ஊற்றினீர்களோ அப்படியே ஊற்றுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றேன். கடையில் சொல்லவில்லை. அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய சாடியை இறக்கினார். தம்பி வீட்டுக்குப் போவதற்கு முன் மாமியார் நீற்றி வைத்துப் போன வெள்ளைச் சுண்ணாம்பு அதில் ஈரத்தோடு இருந்தது. பாசார்ச் சந்தையில் விற்பது சாயமும் வாசனையும் கலந்தது, தண்ணீருக்கு ஆகாது என்றார். கொஞ்சம் எடுத்துப் பானையில் கரைத்து மூடி வைத்தார். மறுநாள் விடியலில் நான் போனபோது சுண்ணாம்பு அடியில் படிந்திருந்தது. பானையை அசைக்காமல் சிரட்டை அகப்பையால் மேல் தெளிவை மட்டும் செம்பில் மொண்டார். முதலில் துளசிக்குப் பச்சைத் தண்ணீர், அப்புறம் தொட்டிக்கு இது. பம்பு தள்ளுகிற மூலையில், அடம் பிடிக்கிற குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி இழையாக விட்டார். செம்பு காலியாவதற்குள் எனக்குக் கால் வலித்துவிட்டது.

"ஏன் அக்கா இவ்வளவு மெதுவா?"

"வேகமா விட்டா மீன் திடுக்கிடும் எல்லோ."

ஏன் விடியலில் என்று கேட்டதற்கு, குளித்தவுடன் செய்தால்தான் மறக்காது என்றார். விடியலில்தான் தொட்டித் தண்ணீர் புளிப்பேறி இருக்கும், அந்த நேரத்துச் சுண்ணாம்பு மீனைத் தாக்காது என்று பல வருஷத்துக்குப் பிறகு யாரோ எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். பவளம் எலும்பு கட்டுவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், பினாங்குக் குழாய்த் தண்ணீரில் அது இல்லை என்பதும் அப்போது படித்ததுதான். அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கபூர் அண்ணனுக்கும் தெரியாது. மூன்று பேரில் யாருக்குமே தெரியாமல் அது நடந்துகொண்டிருந்தது.

அண்ணன் வீட்டுப் பவளம் மெல்ல உப்பத் தொடங்கியது. இனித் தம்பி வீடுதான். இந்திரா அக்காவையே செய்யச் சொல்லிப் பார்த்தேன். பாசாரில் வாங்கிய ரோஸ் சுண்ணாம்பைக் கலக்கி, அடிக் கசடோடு சேர்த்து ஊற்றி, தொட்டியைக் கலங்க அடித்துவிட்டு, இனி அந்தப் பக்கமே வர மாட்டேன் என்று அறைக்குள் போய்விட்டார். கடைத் தொட்டியை வெளுக்க வைத்த என் கையை நானே நம்பவில்லை. நம்பக்கூடிய தண்ணீர் அந்த ஒரு பானையில்தான் இருந்தது. மூடி மறைக்காமல் குணபாலனிடம் சொன்னேன். சார், உங்கள் பவளத்துக்கு மருந்து இருக்கிறது, ஆனால் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர், ராசம்மா அக்கா கையால் வர வேண்டியது என்றேன்.

அவர் முகம் கறுத்தது. அந்த வீட்டுத் தண்ணீர் இந்த வாசலுக்குள் வராது என்றார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"சரி சார். பவளம் போகட்டும். என் வேலையும் போகட்டும், ரெண்டு கண்ணும் போகட்டும். உங்க வார்த்த மட்டும் நல்லா இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிவப்பு வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அந்தக் காலத்தில் அரசாங்க அதிகாரியிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

ராசம்மா அக்காவிடம் போய், நீங்களாவது ஒரு செம்பு கொண்டு போய்க் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்றார். அதுவும் நியாயம்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள், விடியலில் அண்ணன் வீட்டுத் தொட்டியைப் பார்த்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சிவபாதம் முன்கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். ராசம்மா அக்கா துளசிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வாசலுக்கும் நடுவில் இடுப்பளவு கம்பிவேலி. அதற்கு அந்தப் பக்கம் குணபாலன் வந்து நின்றார். அலுவலகத்துக்கு உடுத்திய சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. தொண்டையைச் செருமினார். வேலிக் கம்பியைப் பிடித்தார், விட்டார்.

"அண்ணி, ஒரு செம்புத் தண்ணி தாங்கோ."

ராசம்மா அக்கா உள்ளே திரும்பிக் கணவரைப் பார்த்தார். செய்தித்தாள் அசையவில்லை. அவர் போய்ச் செம்பு நிறைய மொண்டு வந்து வேலிக்கு மேலே நீட்டினார். குணபாலன் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் உள்ளே போகவில்லை. செம்பையே பார்த்துக்கொண்டு நின்று, அப்புறம் அண்ணாந்து ஒரு வாய் குடித்துவிட்டார். அது மீனுக்கு சார் என்று நான் சொல்வதற்குள் விழுங்கியும் விட்டார். சுண்ணாம்புத் தெளிவு நாக்கைச் சுருக்கென்று பிடிக்கும். அவர் முகம் சுளித்த மாதிரியும் இருந்தது, வேறு ஏதோ மாதிரியும் இருந்தது.

"இது அம்மாட பானைத் தண்ணி எல்லோ" என்றார்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிவபாதத்தின் குரல் வந்தது.

"அதே சாடிதான்."

அவ்வளவுதான். தாயார் போன பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. தம்பி செம்போடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இந்திரா அக்கா அந்தச் செம்பில் ஒரு கை சர்க்கரை போட்டு வேலியில் கொண்டு வந்து கொடுத்தார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதே. அதற்குப் பிறகு தினமும் விடியலில் செம்பு போனது, வாழைப்பழமோ பூவோ ஏதாவது ஒன்றோடு திரும்பி வந்தது. வெளிக் குழாயில் நான் கை கழுவுவதும் நின்றது. கண்ணாடியில் ஒரு ரோஸ் புள்ளி தெரிந்த அன்று குணபாலன் கடைக்கே ஃபோன் செய்தார். கபூர் அண்ணன் எல்லாம் நம்ம கடல் தண்ணீர் மகிமை என்று ஊரெல்லாம் சொன்னார். நான் சுண்ணாம்பைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. வேலை நிலைத்தது, கண்ணும் நிலைத்தது.

சங்கத்துத் தம்பி கேட்ட அளவை இதிலிருந்தே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். தொட்டியின் நீளம் தெரியும், செம்பு பிடிக்கிற தண்ணீர் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாண வீட்டில் இந்திரா அக்காவைப் பார்த்தேன். குணபாலன் அப்போது காலமாகியிருந்தார். அந்தக் காலத்துக் கதைகளைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். உங்கள் வீட்டுத் தொட்டியைப் பிழைக்க வைத்தது அந்தச் செம்புத் தண்ணீர்தான் அக்கா என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தொட்டிக்கு அவரு எங்க ஊத்தினாரு மா? பாதி நாள் அவரே குடிச்சிட்டு, வெறும் செம்பத்தான் என் கையில கொடுப்பாரு."